நானும் குரங்குதான் ஐயா

"சித்தப்பா, சவுக்கியமா?" என்று ருவா முழங்கால் மடித்துக் கைதட்டி வணங்கினாள். டகுராவுக்கு உயிரே போய்விட்டது.

ஒரு வருஷமாகத் தேவாலயப் பாட்டுக்குழுவில் பார்த்துப் பார்த்து ஏங்கிய பெண். டகுரா தற்காலிகமாக வேலை பார்த்த விதைக் கிடங்கின் புது மேனேஜர் முகோனிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவர் மகளாம்!

எல்லாம் அவனே தேடிக்கொண்ட வினை. முகோனி குரங்குக் குலம் என்று கேள்விப்பட்டதும், வேலை நிரந்தரமாகட்டுமே என்று "நானும் குரங்குதான் ஐயா" என்று அடித்துவிட்டான். எங்கள் குவேரு ஊரில் குலங்களுக்கு மிருகப் பேர்தான். ஒருவனைக் 'கழுதை' என்றால் பல் உதிரும். குலம் சொல்லி 'குரங்கே' என்று அழைத்தால் நெஞ்சு நிமிரும். முகோனிக்கும் நிமிர்ந்தது. "வாடா தம்பி!" என்று கட்டிக்கொண்டார். வேலையும் நிரந்தரமானது.

உண்மையில் டகுரா எருமைக் குலம். ஆனால் இப்போது ருவாவைக் கேட்டால் ஊர் காறித் துப்பும். ஒரே குலத்தில் பெண் எடுப்பதாவது!

மறுநாள் ருவா சாப்பாடு கொண்டுவந்த நேரம் அவரிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "ஐயா, குரங்கு எங்கம்மா வழி. அப்பா வழி வேற."

"அட, அப்ப நீ என் தங்கச்சி மகன்! ருவா, இனிமே நீ இவனுக்கு அம்மா முறைம்மா!"

எங்கள் ஊர் வழக்கப்படி மாமன் மகள் அம்மா முறை, கட்டிக்கொள்ள முடியாது என்பது அந்த மடையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் ருவா அவனை மடக்கினாள். "சாப்பிட்டியா மகனே?" என்றவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் உங்கள ரொம்பப் பிடிக்கும். மகனை எப்படிக் கட்டிக்கிறது? நேத்து சித்தப்பா, இன்னிக்கு மகன்னா, பொய்யுன்னு எனக்குத் தெரியாதா? அப்பாகிட்ட உண்மையச் சொல்லித் தொலைங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனான். முகோனியின் தங்கை, ருவாவின் அத்தை, முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் சொன்னது ரெண்டும் பொய். அப்பா வழி, அம்மா வழி, எதுலயும் குரங்கு கிடையாது. நான் எருமை. ருவாவ எனக்குக் குடுங்க."

முகோனி குதித்தார். "வேலைக்காகக் குலத்தையே மாத்துன பயலுக்கு என் பொண்ணா? வெட்கமா இல்ல?"

அத்தை கடலையைக் கீழே வைத்தாள். கதவோரம் நின்ற ருவாவை ஒரு தடவை பார்த்தாள்.

"கத்தாதண்ணே. பழைய முதலாளிகிட்ட வேலைக்காக நீ குரங்கானப்ப நான் வாயத் தொறந்தேனா? நாம பொறந்ததும் எருமைக் குலம்தானே. இந்தப் பாவி இப்பத்தான் நெசமாவே உனக்குத் தம்பி."