நிச்சயம் தாயகம் திரும்புவேன்

நீதி தேவதையின் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், கூசாமல் கழக்கூட்டம் என்று சொல்வேன். அங்கே நெடுஞ்சாலையோரம், புட்டுக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் 'நியாயவிமானம் ஓவர்சீஸ்' இருக்கிறது. உள்ளூரில் பி.ஏ. முடித்த பிள்ளைகளை இரண்டே வருடத்தில் சீமை எல்.எல்.பி. ஆக்குவது எங்கள் திருப்பணி. அதில் கடிதப் பிரிவுத் தலைவன் நான். பிரிவில் வேறு ஆள் கிடையாது.

விசாவுக்கு ஒரு 'நோக்கக் கடிதம்' வேண்டும். மாணவர்கள் எழுதினால் உண்மை வந்துவிடும் என்பதால் நானே எழுதுவேன். கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான்: 'படிப்பு முடிந்ததும் நிச்சயம் தாயகம் திரும்பி, என் மக்களுக்காக வாதாடுவேன்.' நானூறு பேர் அந்த வரியோடு விமானம் ஏறினார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஒருநாள் சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சுவாமிதாஸ், மகள் ஷிஜாவோடு வந்தார்.

"கடைய ஒழியணும்னு கட்டடக்காரன் கேஸ் போட்டிருக்கான், சாரே. எம் மோளு வக்கீலாயி வந்து எனக்காக நிக்கணும். அது மதி, வேறொண்ணும் வேண்டாம்."

"இங்க படிச்சா மூணு வருஷம். அங்க ரெண்டே ரெண்டு!" என்றார் எங்கள் இயக்குநர் பிரவின்ராஜ்.

"அங்க படிச்சது நம்ம வஞ்சியூர் கோர்ட்டுல செல்லுமா சார்?" என்றாள் ஷிஜா.

"லண்டன்ல செல்லுறது வஞ்சியூர்ல செல்லாதா? நல்ல கேள்வி, போ!"

அவர் சிரித்தார். சம்பளக்காரன் என்பதால் நானும் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த அநியாயம் நடந்தது. பாவி மகள் திரும்பி வந்துவிட்டாள்!

வக்கீலாகப் பதியப் போன இடத்தில், இந்தப் பட்டம் போதாது, இன்னும் படித்துப் பரீட்சை எழுது என்று சொல்லிவிட்டார்களாம். நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தாள்.

"ஏன் சார் முன்னாலயே சொல்லல?"

"நீ திரும்பி வருவேன்னு யாரு கண்டா, மோளே?" என்றார் பிரவின்ராஜ், நிஜமாகவே மனம் நொந்து.

அவள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே பட்டம் வேண்டாமாம், பாதிக்கப்பட்டவரே வாதாடலாமாம். சட்டத்தில் இப்படி ஓட்டை இருப்பது நாட்டுக்கு நல்லதல்ல.

"மாணவி திரும்பும் உத்தேசம் எங்கள் தரப்புக்குத் தெரியாது," என்றார் எங்கள் வக்கீல். ஷிஜா என் கடிதத்தை எடுத்து, சாட்சியாக நின்ற என்னிடம் கடைசி வரியை வாசித்தாள்.

"இத எழுதினது யாரு சார்?"

"நான்தான்."

"அப்ப நான் வருவேன்னு தெரியும்."

"அது எல்லாருக்கும் சும்மா எழுதுறதும்மா," என்று உளறிவிட்டேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

தோற்றோம். சுவாமிதாஸின் கடை வழக்கு, கடவுள் புண்ணியத்தில், இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. அது முடிவதற்குள் பரீட்சை எழுதி வந்து தானே வாதாடப் போகிறாளாம். செய்வாள், பொல்லாத பெண்.

பிரவின்ராஜ் லேசுப்பட்டவரா? மறுவாரமே மாடியில் ஷிஜாவின் படத்தோடு பெரிய ஃபிளெக்ஸ் ஏறியது: 'எங்கள் மாணவி! முதல் வழக்கிலேயே மாபெரும் வெற்றி!' வாசகம் என்னுடையதுதான். அட்மிஷனுக்கு மாடிப்படி வரை கூட்டம். யாரை எதிர்த்து வென்றாள் என்று போடத்தான் இடம் போதவில்லை.