குறைச் சான்றிதழ்

ஒருவரிடம் குறை இருக்கிறது என்று வாயால் சொல்ல நம் ஊரில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரே சொல்லிவிடுவார். அதையே எழுத்தில் கேட்டால்தான் அலுவலகம் விதிப்புத்தகத்தை எடுக்கும். செம்மங்குப்பம் இலக்கியாவுக்கு இந்த உண்மை இருபத்துமூன்றாம் வயதில், ஒரு திங்கட்கிழமை தெரியவந்தது.

அவள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். எல்லோருக்கும் அவரவர் கல்லூரிதான் நினைவுக்கு வரப்போகிறது. ஐரோப்பாவில் ஒரு பழைய பல்கலைக்கழகம், நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய ஒரே ஒரு முனைவர் பட்ட இடம் அறிவித்திருந்தது. நானூறு பேர் விண்ணப்பித்து, வடிகட்டி, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருத்தி இலக்கியா. சிப்காட் தொழிற்சாலைகளின் புகை விலகிய நாட்களில் மொட்டைமாடியில் நின்று வானத்தை வரைந்து வரைந்து வளர்ந்தவள். இந்த இடம் கிடைக்காவிட்டால் கடலூரில் நீட் கோச்சிங் சென்டரில் ஆசிரியையாகச் சேர வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இனி வேண்டியது ஒன்றுதான்: துறைத்தலைவரின் பரிந்துரை, கல்லூரி முத்திரையோடு, வெள்ளிக்கிழமை மாலைக்குள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு நம்மிடம் ஒரு முறை உண்டு. மாணவரே தன்னைப் புகழ்ந்து எழுதி வருவார், பேராசிரியர் கையெழுத்திடுவார். துறைத்தலைவர் ஜெயராணி மேடம் பதினொரு வருடமாக ஒரே புகழில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டு வந்தவர். இலக்கியாவும் அதைத்தான் கொண்டுபோனாள். ஆனால் ஐரோப்பியர்கள் புகழோடு விடவில்லை. படிவத்தின் ஐந்தாம் கேள்வி, ‘இம்மாணவியிடம் நீங்கள் நேரில் கண்ட குறை ஒன்றைக் குறிப்பிடவும்’ என்றது. காலியாக விட்டால் படிவம் நகராது.

“ஓவரா உழைப்பாள்னு போட்டுடலாமா?” என்றார் மேடம்.

“புகழ்ச்சியைக் குறையா எழுதக் கூடாதுன்னு கீழயே போட்டிருக்காங்க மேடம்.”

“விவரமானவங்கதான். நீ ஆபீஸ்ல ராஜமாணிக்கம் சாரைப் பாரு. முத்திரை அவர்கிட்டதான் இருக்கு.”

கண்காணிப்பாளர் ராஜமாணிக்கம் முப்பது வருட அனுபவசாலி. காலண்டரில் தேதி கிழிப்பதற்குக்கூட மேலொப்பம் வாங்குகிறவர். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

“இன்னாம்மா இது? குறைன்னா குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுன்னா மெமோ இருக்கணும். உன் ஃபைல்ல ஒரு மெமோகூட இல்லியே.”

“நான் தப்பு எதுவும் பண்ணல சார்.”

“அதான் பிரச்சினை. ஆதாரம் இல்லாம ஒரு பொண்ணு மேல குறை எழுதி அனுப்பினா, நாளைக்கு ஆடிட்ல யாரு பதில் சொல்றது?”

“ஒரு மெமோ குடுத்துடுங்க சார்.”

“சும்மா குடுக்க முடியுமா? முதல்ல தப்பு பண்ணிட்டு வா.”

நியாயம்தானே என்று இலக்கியாவுக்கே தோன்றியதுதான் இதில் கொடுமை.

செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாகக் கல்லூரிக்குப் போனாள். வருகைப் பதிவேடு அப்போதுதான் அலுவலகத்திலிருந்து துறைக்கு வந்துகொண்டிருந்தது. முதல் பெயராக அவளுடையது பதிவாயிற்று. புதன்கிழமை, கெடு தாண்டி எட்டு மாதமான நூலகப் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். நூலகர் கலைமணி அவளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது.

“நாலு வருஷத்துல புக்கைத் திருப்பிக் குடுத்த முதல் ஆளு நீதாம்மா” என்று சொல்லி, அங்கேயே ‘சிறந்த வாசகர்’ சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். நகல் ஒன்று அவளுடைய ஃபைலுக்கும் போனது.

“நிலைமை இன்னும் மோசமாயிடுச்சே” என்றார் ராஜமாணிக்கம்.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது அப்பா பொன்னுரங்கம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“உங்கிட்ட குறை இல்லன்னா சொல்றாங்க? ஒரு பேப்பர் குடு, நான் நாப்பது எழுதித் தரேன்” என்றார். எழுதியும் தந்தார். உறவினர் சாட்சியம் செல்லாது என்று வியாழக்கிழமை காலை அலுவலகம் திருப்பிவிட்டது.

அன்று மதியமே ‘குறை கண்டறியும் குழு’ அமைக்கப்பட்டது. ராஜமாணிக்கம், ஜெயராணி மேடம், கலைமணி என்று மூன்று பேர். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பழைய மதிப்பெண் பட்டியலிலிருந்து தடுப்பூசி அட்டை வரை பார்த்தார்கள். நாலரை மணிக்கு, மாணவி துரதிர்ஷ்டவசமாக ஒழுங்கானவர் என்று தீர்மானம் எழுதத் தொடங்கினார்கள்.

மேசைக்கு எதிரே நின்றிருந்த இலக்கியா ஓரடி முன்னால் வந்தாள். நாலு நாளாக அடக்கி வைத்தது வெளியே வந்தது.

“சார், மெமோ இல்லாம குறை எழுதக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? யாரு போட்டது? எந்த வருஷம்? அதை நான் பாக்கலாமா?”

முப்பது வருடத்தில் அந்த விதியைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. ராஜமாணிக்கமே பார்த்ததில்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“எழுதுங்க மேடம். ‘கேள்வி கேட்கும் வழக்கம் உடையவர். மூவர் முன்னிலையில் நேரில் கண்டறியப்பட்டது.’”

உடனே மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, எச்சரித்து, ஃபைலை மூடினார்கள். வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு முத்திரை விழுந்தது. ஐரோப்பாவில் அப்போது மதியம்கூட ஆகவில்லை.

இடம் அவளுக்கே கிடைத்தது. இரண்டு பேரும் சமமாக இருந்ததாகவும், ஐந்தாம் கேள்வியின் பதில்தான் முடிவு செய்ததாகவும் அங்கிருந்த பேராசிரியர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இலக்கியா சந்தோஷத்தில் மேடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

அதன்பிறகு ஊரில் அந்தக் குறைக்கு மவுசு ஜாஸ்தியானது. ‘வெளிநாடு செல்லும் மாணவர் அனைவரும் கேள்வி கேட்கும் வழக்கம் உடையவர் எனச் சான்றளிக்கப்படும்’ என்று கல்லூரியில் சுற்றறிக்கை வந்தது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டுப் படிவம் அச்சடித்தார்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, குறைச் சான்றிதழ் பெற ஒரு வாரப் பயிற்சி என்று கோச்சிங் சென்டர் பேனர் வைத்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் அந்தச் சான்றிதழைக் காட்டாமல் மறைத்தார்கள்.

மறு வருடம் இலக்கியாவின் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, ஒரே ஊரிலிருந்து வந்த இருபத்துமூன்று விண்ணப்பங்களைக் காட்டினார். உங்கள் ஊரில் எல்லோருமே இவ்வளவு கேள்வி கேட்பார்களா என்று ஆச்சரியப்பட்டார். ஊர் மானம் போகக் கூடாதே என்று, ஆமாம் என்றாள்.

அன்று மாலையே சிதம்பரத்திலிருந்து ஃபோன் வந்தது. கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் இளையவன், சேத்தியாத்தோப்பு அருண்பாண்டியன்.

“அக்கா, நானும் அப்ளை பண்றேன். ஒரு சந்தேகம். எல்லாருக்கும் ஒரே குறை எப்டிக்கா இருக்கும்? இது பொய் சர்ட்டிபிகேட் இல்லியா? ராஜமாணிக்கம் சார்கிட்டயே கேட்டுடலாம்னு கிளம்பிட்டேன்.”

இலக்கியா பதறிப்போனாள்.

“தம்பி, வேலையைக் கெடுத்துக்காத. கடைசி தேதி நெருங்குது. அவுங்ககிட்ட போய் எதுவும் கேக்காத. வாயை மூடிக்கிட்டு வரிசையில நின்னு வாங்கிட்டு வந்துடு.”

அருண்பாண்டியன் நல்ல பையன். அக்கா சொன்னபடியே நின்றான். கேள்வி கேட்பவன் என்ற சான்றிதழ் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.