விஷ அண்ணி போட்ட டீ

மனித குலத்தின் நீதியுணர்வு எங்கெங்கோ பிறந்து, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் முழுமை பெற்றது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில்தான். நாள் ஞாயிறு, மாலை ஐந்து மணி. வருகை முப்பத்திரண்டு பேர். தூங்கியவர்களும் இதில் அடக்கம்.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடி அம்மாள் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஒரு படத்தில் அண்ணியாக நடித்து, கொழுந்தன் குடிக்கும் பாலில் விஷம் கலந்தார். படம் சக்கைப்போடு போட்டது. அன்றிலிருந்து அவர் பெயர் 'விஷ அண்ணி'. அன்றிலிருந்து அவர் கையால் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. குழாய் ரிப்பேருக்கு வரும் பிளம்பர்கூடத் தன் பாட்டிலோடுதான் வருவார். அண்ணியோ டீ போடுவதில் கெட்டிக்காரி. ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்களேன் என்று வாசலில் நின்று அவர் கேட்காத ஆளில்லை. கேட்ட உடனே எல்லோருக்கும் அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்துவிடும்.

குடித்தது ஒரே ஜீவன். அதே படத்தில் கொழுந்தன் மனைவியாக வந்து இரண்டேகால் மணி நேரம் அழுத கதாநாயகி. இப்போது எதிர் வீடு. அந்தப் பாலில் புருஷனைப் பறிகொடுக்க இருந்தவர், தினமும் சாயங்காலம் வந்து இரண்டு கப் குடித்துவிட்டுப் போவார்.

போன மாதம் அந்தப் படத்தை டி.வி.யில் மறுபடி போட்டார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் வழக்கம்போல அண்ணியைத் திட்ட வாயெடுத்தார். பக்கத்தில் மருமகள்.

"ஏன் மாமா, அந்தம்மா நகையை வித்துத்தானே கொழுந்தன் படிச்சான்? படிச்சதும் வீட்டையே தன் பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டான். அதை யாரும் கேக்கலையே?"

அதன்பின் மூன்று நாள் சமையலறையில் நிலவிய மௌனத்தைச் செயலாளர் ஆழ்ந்து பரிசீலித்தார். நான்காம் நாள் ஞானம் பிறந்தது. அவசரக் கூட்டத்துக்கு லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. அண்ணி குற்றமற்றவர். அவர் பாலில் கலந்தது விஷமன்று, 'எதிர்க்குரல்'. பிளம்பர் எழுந்து, படம் வந்த நாளிலேயே தனக்கு அண்ணிமேல் மரியாதை உண்டு, வெளியே சொல்லத்தான் கூச்சம் என்றார். பாட்டில் அவர் மடியில்தான் இருந்தது.

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. நோட்டீஸைப் பார்த்த நாளிலிருந்தே அவர் ஒரு நிலையில் இல்லை. பெரிய பாத்திரமாகத் தேடி, டீ போட்டுக் கொண்டுவந்திருந்தார். முப்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். முதல் வாய்க்குச் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். ருசியால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 'அமிர்தம்' என்று அவர் அறிவிக்க, கூடமே வழிமொழிந்தது.

பின்னாலேயே பிஸ்கட் தட்டோடு வந்தார் கதாநாயகி. செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த வீட்டுல அவ்வளவு அநியாயம் நடந்தப்ப நீங்க அழுதீங்களே ஒழிய, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலையே."

"எழுதிக் குடுத்தாத்தானே சார் பேச முடியும்?"

அழுகையும் 'உடந்தை'தான் என்று மூன்றாம் தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. தட்டு வரிசை முழுக்கப் போய் வந்தது. ஒரு பிஸ்கட் குறையவில்லை. பிளம்பருக்குத் திடீரென்று இனிப்பு ஆகாமல் போனது.

அண்ணி தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். பிறகு கதாநாயகியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் உள்ளே போனதும் கதாநாயகியின் முகம் கோணியது.

"அக்கா, சர்க்கரையே போடலையே?"

முப்பத்திரண்டு பேரும் தத்தம் கப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"பாவம்டி, அவங்களுக்கு எப்படித் தெரியும்? இருபத்தெட்டு வருஷமா என் டீயில இல்லாத விஷம் தெரிஞ்சுது. இன்னைக்கு இல்லாத சர்க்கரை தெரியுது."