ஈரப்பதம் பார்த்த பெங்களூர்ச் சம்பளம்

‘ஆடிப்பெருக்குக்கு மறுநாள், சனிக்கிழமை மாலை. ஈரப்பதம் தன் கைக்கடிகாரத்தின் மேல் சந்தேகப்பட்டு, ரயில்வே கேட் மூடும் நேரத்தை வைத்துச் சரிபார்த்தார். கேட் நேரமும் தப்பு என்றார்.’

என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. நேரங்காலம் இல்லாமல் மூடும் நீடாமங்கலத்து ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த கேட்டை வைத்துக் கடிகாரம் திருத்தப் பார்த்த ஒரே மனிதர் அவர். டெல்டா முழுக்கத் தேடினாலும் அவர் முழுசாக நம்பிய பொருள் என்று ஒன்றைக் காட்ட முடியாது.

ஈரப்பதம் என்பது பட்டப்பெயர்; ஆள் எங்கள் தெருவின் நெல் தரகர். மூட்டையிலிருந்து நாலு மணியை எடுத்து வாயில் போட்டு, கடைவாய்ப் பல்லால் கடித்து, ஏதோ துக்கச் செய்தி வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, “ஈரம் இருக்கு” என்பார். சித்திரை வெயிலில் காய்ந்து சரசரக்கும் நெல்லுக்கும் அதே தீர்ப்பு. ஒருமுறை கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடமும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈரம் இருக்கே” என்றார். அந்தக் கல்யாணம் நின்றுபோயிற்று. அன்று முதல் அவர் மதிப்பு ஏறிவிட்டது. மாப்பிள்ளைக்கு அம்மை போட்டதால்தான் கல்யாணம் நின்றது என்று விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன்; இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் கலைச்செல்வியின் வேலை மாட்டிக்கொண்டது.

கலைச்செல்வி, டிராக்டர் ஓட்டும் ராஜேந்திரனின் மகள். அந்த வீட்டில் வயலில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். தஞ்சாவூரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். பெங்களூரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ராஜேந்திரனுக்குத் தானாக முடிவெடுக்கப் பயம். “அண்ணன் பாத்து சரின்னா சரி” என்று ஈரப்பதத்தைக் கைகாட்டிவிட்டார்.

“என் தலையெழுத்து பெரியப்பா கடைவாய்ப் பல்லுல வந்து நிக்குது பாருங்க” என்று அவள் என்னிடம் முணுமுணுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை விசாரணை. வேலைக் கடிதம் அவள் போனில் இருந்தது. ஈரப்பதம் முதலில் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

“மொத்தம்னு போட்டிருக்கான். சாக்கோடயா, சாக்கு இல்லாமயா?”

“புரியல பெரியப்பா.”

“கையில எவ்வளவு வரும்னு கேக்குறேன்.”

சொன்னாள்.

“பாத்தியா, மிச்சம்பூரா சாக்கு. இதென்ன வேரியபிள்?”

“நல்லா வேலை பாத்தா வருசக் கடைசியில குடுப்பாங்க.”

“நல்லா பாத்தேன்னு யாரு சொல்றது?”

“மேனேஜருதான்.”

“வாங்குறவனே அளக்குறானா? அது பதரு. தூத்தி விடு.”

பிறகு விடுதி வாடகை, அட்வான்ஸ், ஆட்டோ, தீபாவளிக்கு ஊருக்கு வர ஆம்னி பஸ்காரன் கேட்கும் டிக்கெட் என்று கழித்துக்கொண்டே போனார். கொஞ்சம் விட்டிருந்தால் மாசாமாசம் கலைதான் கம்பெனிக்குக் கட்டவேண்டி வந்திருக்கும். ராஜேந்திரன் முகம் விழுந்துவிட்டது.

“எல்லாத்தையும் கழிச்சிட்டீங்க. தஞ்சாவூரு வேலையில ஒண்ணையும் கழிக்கலையே, ஏன்?” என்றாள் கலை. “விடிஞ்சும் விடியாமப் போயி இருட்டித்தான் வர்றேன். பஸ்ஸுலயே பாதி உசிரு போவுது. சேந்ததுலேர்ந்து அதே வேலை. இன்னும் கொஞ்ச நாள் அங்கயே கெடந்தா அப்பறம் எவனும் கூப்புட மாட்டான். அதுக்கு எவ்வளவு கழிவுன்னு சொல்லுங்க.”

ஈரப்பதம் வாயில் நெல் இல்லாமலே மென்றார்.

“ஊரக் கடிச்சுப் பாக்காம சொல்ல மாட்டேன்” என்று எழுந்தார். அவள் தங்கப்போகும் விடுதியின் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே பெங்களூருக்குப் புறப்பட்டார். மாலையில் கடிகாரத்தைச் சரிபார்த்தது அந்த பஸ்ஸுக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ராஜேந்திரன் ஸ்பீக்கரில் போட்டார்.

“டேய் ராஜேந்திரா, இங்க தண்ணிக்குத் தனியா காசு வாங்குறான்டா!”

“பெரிய ஊருன்னா அப்படித்தாண்ணே.”

“இருடா. எங்கேர்ந்து வருதுன்னு கேட்டேன். காவேரிங்கிறான்!”

“நம்ம காவேரியாண்ணே?”

“ஊருக்கு ஒரு காவேரியா ஓடுது? எனக்கு நம்பிக்கை வரல. ஒரு தம்ளரு வாங்கிக் குடிச்சுப் பாத்தேன்.”

“ஈரம் இருந்துச்சா பெரியப்பா?” என்றாள் கலை.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“அதே தண்ணிதாம்மா” என்றது குரல். “நாம வாய்க்கா மேட்டுல நின்னு வருமா வருமான்னு பாத்துக்கிட்டுக் கெடக்கோம். இங்க குழாயத் தொறந்தா கொட்டுது. நம்ம வயலுக்குத்தான் வரல, நம்ம புள்ளையாவது வந்து குடிக்கட்டும். அனுப்புடா.”

மறுநாள் காலையில் கலை சம்மதம் அனுப்பினாள். ஆவணி பிறந்ததும் போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் மாதம் பிறந்தால் ஈரப்பதம் அவளைக் கூப்பிட்டு, “போட்டானா? முழுசாப் போட்டானா?” என்று கேட்கிறார். போட்டுவிட்டான் என்றால் நம்புவதில்லை.

பொங்கலுக்கு வந்தபோது கலை ஒரு சங்கதி சொன்னாள். அவள் போய்ச் சேர்வதற்கு முன்னால், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒரு பெரியவர் அந்த விடுதிச் சமையல்கட்டுக்குள் புகுந்து, அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தாராம். “பரவால்ல, காஞ்ச அரிசிதான். நம்ம புள்ள ஒண்ணு வரும், சோத்தக் குழைய விட்றாதீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனாராம். அங்கே சமைக்கிற தருமபுரிக்காரர் சொன்னது இது. பெரியவரின் பெயரை அவர் கேட்டு வைக்கவில்லை.

ஈரப்பதத்திடமே கேட்டேன். “எவனோ கெளப்பி விட்டிருக்கான். நம்பாதீங்க” என்றார்.

ஆகவே அந்தப் பெரியவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனால் தன் ஆயுளில் ஒரே ஒருமுறை, ஒரு பிடி அரிசியை ஈரப்பதம் காய்ந்தது என்று ஒப்புக்கொண்டதாக எழுதிவைக்க எனக்கு ரொம்ப ஆசை.