திட்டு வாங்கும் உத்தியோகம்

பெண் பார்க்கப் போன இடத்தில் வாயையும் லேப்டாப்பையும் திறக்காமல் இருப்பது நல்லது. நான் இரண்டையும் திறந்தேன்.

அப்போது எனக்குத் தலைக்கனம் உச்சத்தில் இருந்தது. வரிவரியாக நிரல் எழுதி, விட்டுப்போன ஒரு அரைப்புள்ளியைத் தேடிப் பாதி நாளைத் தொலைத்த காலம் போய், வேண்டியதைத் தமிழில் சொன்னாலே ஏஐ எழுதிக் கொடுக்கும் காலம் வந்திருந்தது. (அந்த அரைப்புள்ளிக் காலத்துக்காக இப்போது ஏங்குகிறேன்.)

ரேவதியின் வீடு திருத்தணி மலையடிவாரத்தில். கரும்பு நிலம் திருவாலங்காட்டுப் பக்கம். கேசரித் தட்டோடு அவள் வந்து நின்றதுமே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். அவளுடைய அப்பாவோ, ஐடி வேலை நிலைக்குமா என்றே சுற்றிச் சுற்றிக் கேட்டார்.

எதிர்காலமே என் கையில்தான் என்று காட்ட, அவர்களுக்கே ஒரு செயலி செய்து தருவதாகச் சொன்னேன். அவரோடு சேர்த்து அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரே கிணறு. யார் என்றைக்கு மோட்டார் போடுவது என்று அது முறை சொல்ல வேண்டும். லேப்டாப்பைத் திறந்து ஏஐயிடம் மூன்று பெயரையும் சொன்னேன். கேசரி ஆறுவதற்குள் செயலி தயார்.

ரேவதியின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் பாத்துகினேதான் இருந்தேன். நீங்க ஒரு எழுத்து கூட எழுதலியே தம்பி. எல்லாம் அதுவே செய்யுதுன்னா உங்களுக்கு எதுக்கு சம்பளம் குடுக்கறாங்க?"

அதற்குள் ரேவதியின் சித்தப்பா திரையை எட்டிப் பார்த்தார். அண்ணன்கள் இருவரின் பெயர்தான் மாறி மாறி வந்தது. கடைசித் தம்பியான அவர் பெயரே இல்லை. இது அண்ணன் சொல்லிக் கொடுத்த வேலைதானே என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ரேவதியின் அப்பா பின்னாலேயே ஓடினார். ஏஐ செய்த தப்பு என்று நான் கேசரித் தட்டிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகச் சமாதானமாகி இருவரும் உள்ளே வந்தபோது, என் அம்மா கிளம்ப எழுந்துவிட்டாள். அப்போதுதான் ரேவதி தன் அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"அது தப்பு பண்ணா, நிக்க வெச்சி திட்றதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல நைனா? அதுக்குத்தான் சம்பளம்."

முதலில் சிரித்தது சித்தப்பாதான். என் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி அதன்பின் எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டுவிட்டேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

மோட்டார் முறையை இன்றும் வரப்பில் நின்று கத்தித்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் மிக்ஸி ஓடாவிட்டாலும், பஸ் வராவிட்டாலும் மாமனார் எனக்குத்தான் போன் செய்வார். "ஆங் மாப்ள, கரண்ட் போயிடுச்சிங்க" என்று ஆரம்பித்து, மரியாதை குறையாமல் மனசாரத் திட்டிவிட்டு வைப்பார். போன வாரம் முழுக்க அவர் கூப்பிடவே இல்லை. வேலை போய்விட்டதோ என்று பயந்து நானே கூப்பிட்டேன்.