மூச்சு விடாத கீபோர்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு நானும் என் வலது தோளும் நலம்; இடது தோளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அண்ணியின் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா? இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் என் இரண்டாவது வாக்கியத்துக்கே நீ தீர்வு சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

டாக்டர் என் கையை மேலே தூக்கச் சொன்னார், பின்னால் வளைக்கச் சொன்னார், பிறகு, "என்ன வெயிட் தூக்குறீங்க?" என்று கேட்டார். "அக்கார்டியன். பதினோரு கிலோ," என்றேன். "அதை எறக்கி வைங்க." "எத்தனை நாளைக்கு?" "எறக்கியே வைங்க." இதைக் கேள்விப்பட்ட மறுநாளே நீ மூன்று சின்னக் கீபோர்டுகளின் பெயர்களை அனுப்பி, எது பிடிக்கிறதோ அது என் பரிசு என்று எழுதியிருந்தாய். உன் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை, பட்டியல்களில்தான் சந்தேகம். கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் மாதக் கடைசி ஞாயிறு நூலகக் கூடத்தில் எங்கள் நாட்டுப்பாடல் குழு பாடுகிறது. குழு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. முன்பாட்டுக்குத் தபால்காரர், பின்பாட்டுக்குத் தையற்கடை அக்கா, தாளத்துக்கு ஒரு பேருந்து ஓட்டுநர், ஓரத்தில் நான். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நான்கு பேர்தான். அன்றைக்குள் என் தோள் தாங்கும்படி ஒன்று கிடைக்காவிட்டால் அந்த ஓரம் காலி. வெளியில் சொல்லமாட்டேன், உனக்குச் சொல்கிறேன்: உலகத்தில் எனக்கு நன்றாக உட்காரத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

எடை, கட்டைகளின் எண்ணிக்கை, பேட்டரி என்று கட்டம் போட்ட தாளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு என்னை வருமான வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்து நாற்காலி போட்டார். "மேடம், இதுல அறுநூறு சவுண்ட் இருக்கு," என்றார். "எனக்கு ஒன்னு போதும்." "ஒன்னுக்காக யாராவது வாங்குவாங்களா மேடம்? இதுல குதிரை ஓடுற சத்தம்கூட இருக்கு." குதிரை ஓடி முடித்த பிறகு அக்கார்டியனைத் தேடிப் பிடித்தோம். உன் பட்டியலின் முதல் கீபோர்டில் அது, துறைமுகத்தை விட்டுப் போக மனமில்லாத கப்பல் போல ஊதியது. இரண்டாவது ஒன்றரைக் கிலோதான், மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டைகள் குழந்தையின் செருப்பு அளவு, ஒன்றைத் தொட்டால் பக்கத்து வீட்டுக் கட்டையும் சேர்ந்து எழுந்தது. மூன்றாவது நான்கு கிலோ, முழு அளவில் நாற்பத்தொன்பது கட்டைகள், பேட்டரியிலும் ஓடும், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் காலடியில் ஒரு பெடல். அதன் அக்கார்டியனை அழுத்தினேன். அண்ணா, நம் அக்கார்டியன் பெட்டிக்குள் இரண்டு உலோக நாக்குகள் நூலிழை விலகி ஒலிக்கும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது.

அங்கே கடையில், கண்ணாடி அலமாரிக்கு முன்னால், நாம் குடியிருந்த அந்த நீள அறை வந்து நின்றது. வேலை விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஜன்னலோரம் நீ பெட்டியை மாட்டிக்கொண்டு உட்காருவாய். அம்மா உன் தாளத்துக்குத் துணி மடிப்பாள். நீ வேகமாக வாசித்த நாட்களில் என் பள்ளிச் சட்டையின் கழுத்துகள் கோணலாக மடிந்திருக்கும், ஒருநாளும் நான் குறை சொன்னதில்லை. மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். அப்பா, "பார், அவனும் தாளம் போடுறான்," என்பார். வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது பெட்டியை என்னிடம் விட்டு, "அப்பப்ப தூசி தட்டி வை," என்றாய். தூசி தட்ட எடுத்தவள்தான், இறக்கி வைக்க ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. கடைக்காரர், "என்ன மேடம், பிடிக்கலையா?" என்றார். "தூசி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று அந்த மூன்றாவதைக் கொடுத்தனுப்பினார்.

ஒத்திகை வழக்கம்போல தையற்கடையின் பின்னறையில். கீபோர்டை இஸ்திரி மேஜையில் வைத்தேன். வைக்கும்போதே சேலைத் தலைப்பு ஏதோ பொத்தானில் பட்டு அது தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. ஓட்டுநர் சிறிது நேரம் கேட்டார். "நல்லாத்தான் போடுது. அப்ப நான் வண்டியைப் பாக்கப் போறேன்," என்று எழுந்தார். அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பாட்டைத் தொடங்கினால், இரண்டாவது அடியில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். விஷயம் இதுதான்: நம் பெட்டியில் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை பதினான்கு ஆண்டுகளாக ஊமை. அந்த இடம் வரும்போது முந்தைய சுரத்தையே இழுத்துவிடுவேன், அவர்களும் அப்படியே பாடப் பழகிவிட்டார்கள். கீபோர்டில் அது வாய் திறந்துவிட்டது. "யாரு நடுவுல பேசினது?" என்றார் தையற்கடை அக்கா. "அந்தக் கட்டைதான்." "அது பேசாதே." "இதுல பேசும். பாட்டுல உண்மையா அந்தச் சுரம் இருக்கு." தபால்காரர் யோசித்துவிட்டு, "இருக்கட்டும். நமக்கு வேண்டாம், பேசாம இருக்கச் சொல்லுங்க டீச்சர்," என்றார். சரி என்று, விரல் தவறிப் போய்விடாமலிருக்க அந்தக் கட்டையில் ஒரு துண்டுத் துணியை ஒட்டி வைத்தேன்.

அடுத்தது படகுப் பாட்டு. நீளமான அடிகள், உனக்குத் தெரியும். பெடலை மிதித்து, நடுக்கத்தைக் கூட்டி, வலி இல்லாத தோளோடு நான் சுகமாக வாசித்துக்கொண்டே போனேன். மூன்றாம் அடியில் தபால்காரரின் முகம் சிவந்தது. நான்காவதில் வேறு நிறமானது. ஐந்தாவதில் அவர் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் கொண்டு ஓடினார். "ஏன் நிறுத்தாம பாடினீங்க?" என்று கேட்டேன். "நீங்க நிறுத்தலையே," என்றார். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "பெட்டியோட துருத்தியை இழுத்து முடிச்சுத் திருப்பி அமுக்குவீங்க இல்ல டீச்சர், அப்ப புஸ்ஸுனு ஒரு சத்தம் வரும். அதுலதான் நாங்க மூச்சு எடுப்போம். இது மூச்சே விட மாட்டேங்குது." அக்காவும் தலையாட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இரண்டு பேருடைய மூச்சை இடது கையில் வைத்திருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் கட்டம் போட்ட தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அறுநூறு சவுண்டில் புஸ்ஸு இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். குதிரை இருக்கிறது, மழை இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது.

ஆகவே முடிவு. எதுவும் வாங்காதே. சனிக்கிழமை இதைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறேன். நாளை தபால்காரரிடம் சொல்லி விலகிக்கொள்வேன். ஞாயிறு அவர்கள் மூவரும் வெறும் தாளத்தோடு பாடிக்கொள்ளட்டும், மூச்சுக்காவது பயமிருக்காது. அடுத்த முறை வண்டியில் வரும்போது நம் பெட்டியையும் எடுத்துப் போய்விடு. கண்ணெதிரே இருந்தால் தூசி தட்டத் தோன்றும். இதில் மறுபேச்சு வேண்டாம், நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்கட்டும். உன் இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே; மறந்துவிட்டு அண்ணியைக் கேட்காதே.

உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்து எழுதுகிறேன். விலகுகிறேன் என்று சொல்லப் போனேன். தபால்காரர் சுவரைப் பார்த்தார். தையற்கடை அக்கா மட்டும் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "நீங்களும் கூடப் பாடுங்க டீச்சர். உங்களுக்கு எங்க மூச்சு முட்டுதோ அங்க கையை எடுங்க, நாங்களும் எடுத்துக்கிறோம்," என்றார். "எனக்குப் பாட வராது." "பாட வர்றவங்களுக்கு மூச்சு முட்டாது டீச்சர். எங்களுக்கு இப்ப வேண்டியது மூச்சு முட்டுற ஆளு." அந்தத் தகுதி எனக்கு நிறையவே இருக்கிறது. படகுப் பாட்டை ஐந்து அடியும் பாடி, வாசித்து, இறக்கினோம். யாரும் நிறம் மாறவில்லை. என் பக்கம் மைக் வைப்பதில்லை என்று மூவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மூன்றாவது கீபோர்டு இனித் திரும்பி வராது என்று கடைக்காரருக்கு நீயே சொல்லிப் பணத்தையும் அனுப்பிவிடு. பெட்டியை எடுத்துப் போக வர வேண்டாம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வா, முன்வரிசையில் உட்கார். நான் பாடி நீ கேட்டதே இல்லை.