கோடரிக்காரனும் கிளி அலமாரியும்

பழைய மரச்சாமான் வியாபாரி பாதிவிலையார் எதற்கும் அலறியதில்லை. அவரைக் கண்டு அலறியவர்கள்தான் உண்டு. எதைக் காட்டினாலும் "பாதிக்குத் தர்றியா?" என்று எகிறுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

கடையில் கொள்ளாத கட்டிலும் மேசையும் வீட்டு முன்னறையை அடைத்திருந்தன. வாசலுக்குப் போக மனைவி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும். கதவில் கிளி செதுக்கிய, அவருக்கு உயிரான தேக்கு அலமாரி மட்டும் பூட்டு மாற்ற மைத்துனன் வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகியிருந்தது. மைத்துனன் தச்சன்.

"என்னங்க, ஒரு பேய்ப்படம் வந்திருக்கு. நூறு வருஷம் முன்னாடி பதினேழு பேரை வெட்டின கோடரிக்காரன் கதையாம். நீங்க அலறினா முன்னறையைக் காலி பண்ணணும்."

"நீ அலறினா?"

"படுக்கையறையையும் உங்க சாமானுக்கே விட்டுடறேன்."

பேரம் என்று வந்துவிட்டால் அவர் விடுவாரா? "கிளம்புடி!"

மதியக் காட்சி. மொத்தம் ஒன்பது பேர். கோடரிக்காரனின் தாடி ஒரு பக்கம் பிரிந்து ஆடியது. நூறு வருஷத்துக்கு முந்தைய சமையலறையில் பிளாஸ்டிக் வாளி. கோடரி அட்டை. ரத்தம், ஏதோ ஜாம்.

"இவனா பதினேழு பேரை வெட்டினான்? வெங்காயம் வெட்டினாலே அழுதுடுவான்!"

"மெதுவா பேசுங்க."

"செத்தவ மூக்கைச் சொறியறாடி!"

முன்வரிசை சிரித்தது. மனைவியோ கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள். பயந்துவிட்டாள்! படுக்கையறையில் எத்தனை கட்டில் அடங்கும் என்று மனசுக்குள் அளக்க ஆரம்பித்தார்.

கடைசிக் காட்சி. கதாநாயகி ஓர் அலமாரிக்குள் ஒளிந்தாள். கோடரிக்காரன் வந்தான். இந்த முறை கோடரி நிஜம். ஓங்கினான். தேக்குக் கதவு பிளந்தது. கதவில் செதுக்கிய கிளி, ஓர் இறக்கை மூளி...

"ஐயோ! என் அலமாரி! விடுடா பாவி!"

மனைவியைத் தவிர மற்ற ஏழு பேரும் நடுங்கிப்போனார்கள். படத்தில் முதல் தடவையாக.

"ஏண்டி, இது உன் தம்பி எடுத்துட்டுப் போனதுதானே?"

"அவன்தான் இந்தப் படத்துக்கு செட் போட்டான். பயப்படற மாதிரி ஒரு காட்சியாவது வேணும்னு கேட்டான். நான்தான் அலமாரியைக் குடுத்தேன். அலறிட்டீங்க, முன்னறை காலி."

அப்போதும் பழக்கம் விடவில்லை. "பாதி அறை?"

"தாராளமா. மீதிப் பாதியில இருக்கற சாமானைத் தம்பி எடுத்துப்பான். ரெண்டாம் பாகம் வருதாம்."